ஊதா நிறமான உங்கள் வீட்டுத் தண்ணீர்

அக்கா,

இன்று காலை கவரைப்பேட்டை தாண்டி ரயில் சிறிது நேரம் நின்றது. மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக அமில நெடி வந்து தொண்டையைப் பிடித்தது. எந்தக் கம்பெனியோ மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறது. எதிரே இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கு முலாம் பூசும் அந்தத் தொழிற்சாலையின் லேபில் நான் தண்ணீர் சோதிப்பவனாக இருந்தேன். நீங்கள் கூட்டித் துடைத்து, பாட்டில் கழுவி வைப்பவர். மேனேஜர் இருந்தால் என்னை 'சார்' என்பீர்கள், அவர் போனதும் 'தம்பி'. எங்கள் கழிவுக் கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்தில்தான் உங்கள் வீடு என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

ஒருநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தீர்கள். "எங்க ஊட்டாண்ட பம்புத் தண்ணி, தம்பி. சோறு மஞ்சளா வருது. பாப்பாவுக்கும் எனுக்கும் கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. கொஞ்சம் பாத்து சொல்லு."

சோதனை மருந்தை விட்டேன். தண்ணீர் சட்டென்று ஊதாவாக மாறியது. எங்கள் கழிவிலும் அதே நிறம்தான் வரும், குரோமியம் என்ற நஞ்சு இருப்பதால்.

"அழகா கீதே," என்றீர்கள்.

நான் விளக்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நம்ம கம்பெனிதானா?" என்று மட்டும் கேட்டீர்கள். தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஊர்க்காரர்களோடு திருவள்ளூர் போய்க் கலெக்டரிடம் மனு கொடுப்பது என்று முடிவு செய்தீர்கள். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லு தம்பி. நாங்க சொன்னா யாரு கேப்பாங்க?" வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன், அக்கா.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஊர்ப் பம்பை டெஸ்ட் பண்றது உன் வேலையில்ல. தங்கச்சி கல்யாணம் வெச்சிருக்கியாமே, வேலை வேணும் இல்ல?" என்றார். சோதனை முடிவு எழுதிய தாளை அவர் முன்னாலேயே கிழித்தேன்.

திங்கட்கிழமை சோழவரத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். காய்ச்சல் என்று அம்மாவிடமும் லேபிலும் பொய் சொன்னேன். கலெக்டர் அலுவலகத்தில் உங்களிடம் ஆதாரம் கேட்டார்களாம். "லேப் தம்பி வந்துகினு கீறாரு" என்று சொல்லி, அலுவலகம் பூட்டும்வரை வாசலில் நின்றீர்களாம்.

மறுநாள் வேலைக்கு வந்தீர்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை. "காச்சல் தேவலையா?" என்றீர்கள். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே நம்பியிருந்தீர்கள்.

அந்த வாரமே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. ஊருக்குச் சில நாள் லாரித் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அடுத்த மழைக்குள் உங்கள் முகமும் காலும் வீங்கிவிட்டன. சென்னை ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஏன் போனது என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. பார்க்க வந்த ஒரே தடவை, நான் வாய் திறக்குமுன்பே, "நீ இன்னா பண்ணுவ, உனுக்கும் குடும்பம் கீது," என்றீர்கள். திட்டியிருக்கலாம், அக்கா. அடித்தாவது இருக்கலாம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வேலையை விட்டேன். என் கைக்குறிப்பிலிருந்து முடிவை மறுபடி எழுதி நானே மனு கொடுத்தேன். சோதிக்க அதிகாரி வரும் நாள் கம்பெனிக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்று கால்வாயில் நல்ல தண்ணீர் ஓடியது. குறை எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

போன மாதம் உங்கள் மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கிழித்த தாள், பொய்க் காய்ச்சல் எல்லாம். கணுக்காலில் துணி சுற்றியிருந்தாள். பம்பை அடித்தபடியே கேட்டாள். அழவில்லை, கோபப்படவுமில்லை.

"அது போவட்டும்ணா. இப்ப நாங்க எந்தத் தண்ணிய குடிக்கிறது?"

குடம் நிரம்பும்வரை நின்றேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது.