மதினி வளர்த்த ராணி

மதினி,

இன்று காலை சீனியை அரைத்துத் தேன் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். ராணி ஈயை வைக்கிற கம்பிக் கூண்டின் வாயை அடைப்பதற்கான மாவு. கையில் ஒட்டாத பதம் வரும்போது இலேசான புளிப்போடு ஒரு வாசனை எழும், உங்களுக்குத் தெரியும். அதற்குமேல் பிசைய முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது.

கறம்பக்குடி வீட்டுக் கொல்லையில் அந்த இரண்டு தேனீப் பெட்டிகளையும் ஆசைப்பட்டு வாங்கி வைத்தவர் அண்ணன்தான். முதல் வாரமே கண்ணிமையில் கொட்டு வாங்கி, பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைத் தபாலில் வரவழைத்துப் படித்தேன். நீங்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெட்டிக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருப்பீர்கள். புத்தகத்தில் இல்லாததெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

முருங்கை பூத்திருந்த மாதம். கூட்டம் பெருத்த பெட்டியில், தேனடையின் ஓரத்தில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கின. அதில் ஒன்றை அடையோடு அறுத்து, வாழைநாரால் ஒரு சட்டத்தில் கட்டி, கொஞ்சம் ஈக்களோடு சின்னப் பெட்டியில் வைத்தீர்கள். ராணி பிறந்து, வெளியே பறந்து இணைசேர்ந்து திரும்பி, முட்டையிட்டது. அதை முதலில் எனக்குத்தான் காட்டினீர்கள். “இங்கிட்டு வெயில்ல சாச்சுப் பாருங்க தம்பி. வெள்ளை நூலு துணுக்கு மாதிரி தெரியும்.” அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் இன்னொரு பெட்டியின் கிழட்டு ராணி செத்துப்போனது. உங்கள் ராணியைக் கூண்டில் அடைத்து, வாயில் மாவை அப்பி, அந்தப் பெட்டியின் இரண்டு அடைகளுக்கு நடுவே செருகினீர்கள். மறுநாளே மணமேல்குடியில் உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது. வண்டி ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். மூன்று நாள் பெட்டியைத் தொடக்கூடாது. ஈக்கள் மாவைத் தின்று தாமே வழி திறக்கும். அதற்குள் ராணியின் வாடை அவற்றுக்குப் பழகிவிடும்.

நீங்கள் மணமேல்குடிக்குப் போன அன்று சாயங்காலம் சர்க்கார் அதிகாரி ஒருவர் வந்தார். ஊர் ஊராகத் தேனீப் பெட்டி கொடுத்துவந்தவர். வீட்டிலேயே ராணி வளர்க்கிற பெண் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உங்களைத் தேடித்தான் வந்தார். நான்கு பெட்டி கொடுத்து, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ராணி வளர்த்துத் தரச் சொல்வதாக எண்ணம் என்றார். நீங்கள் ஊரில் இல்லை, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. கூண்டை எடுத்து, அடிப்பக்கத்துத் தக்கையைப் பிடுங்கி, ராணியை அடைமேல் விட்டேன்.

நாலைந்து ஈக்கள் வந்து மோந்தன. பிறகு பத்து, இருபது. கண்ணெதிரே பந்தாகச் சுருண்டு ராணியை மூடிக்கொண்டன. நான் குச்சியால் விலக்கி எடுப்பதற்குள் அது செத்துவிட்டது.

அவர் ஏன் என்று கேட்டார். “மதினி வளத்த ராணி சரியில்லைங்க. அவுங்களுக்கு அவ்வளவு வெவரம் தெரியாது. நாந்தான் பாத்துக்கிடுறேன்” என்றேன்.

அண்ணனிடமும் அதையே சொன்னேன். நீங்கள் இருந்தவரை உண்மையை ஒருவரிடமும் சொன்னதில்லை. நான்கு பெட்டிகளும் என் பெயருக்கு வந்தன.

நீங்கள் திரும்பி வந்தபோது அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அதிகாரி முன்னால் மானம் போனதென்றும், இனிமேல் பெட்டிப் பக்கம் போகக்கூடாதென்றும் கத்தினார். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் நேரே கொல்லைக்குப் போனீர்கள். கூண்டு பெட்டியின் மேல்தான் கிடந்தது. தக்கை பிடுங்கியிருந்தது, மறுபக்கம் மாவு வைத்தபடி குறையாமல் இருந்தது. அதைப் பார்த்தால் உங்களுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே வந்து எனக்குக் குழம்பு ஊற்றினீர்கள். அண்ணன் காதில் விழாதபடி, “அடுத்த தடவ மூணு நாளு பொறுத்துத் தொறங்க தம்பி” என்றீர்கள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அன்றே நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சோற்றைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

அதன்பின் பத்து வருஷம். எனக்கு ராணி தவறியபோதெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியே நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்: எந்த அறையை அறுப்பது, எதை விடுவது, எப்போது புகை போடுவது. அண்ணன் சொன்ன சொல்லை மீறி ஒருநாளும் கொல்லையில் இறங்கவில்லை. அந்தப் பலகையில் நான் உட்கார்ந்தேன். கறம்பக்குடியைச் சுற்றி நான் கொடுத்த ராணி ஒவ்வொன்றும் உங்கள் வாய்ச்சொல்லில் வளர்ந்தது. ஊர் என்னைத் தேனீ வாத்தியார் என்றது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்த்தேன்.

காய்ச்சலில் நீங்கள் படுத்திருந்த கடைசி வாரம், சொல்லிவிடுவதென்றே வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஈயெல்லாம் நல்லா இருக்கா தம்பி?” என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் இருக்கும்போது அண்ணன் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாவம், அவளுக்கும் ஈ வளர்க்க ஆசைதான், ஆனால் கை வரவில்லை என்றார். எல்லோரும் போனபிறகு அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவர் பெட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாந்தானே அவளப் போகக்கூடாதுன்னேன்” என்றார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இத அவகிட்டச் சொன்னியாடா?”

இல்லை என்றேன், மதினி.