புரட்டிப் படுக்க வைப்பது எப்படி

என் பிரியமான ஜெசிந்தாவுக்கு,

அந்தக் கடைசி வீடியோவை எடுத்துவிட்டோம், தங்கச்சி. நீ இல்லாமல்தான்.

தருமபுரியில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காகச் சின்னச் சின்ன வீடியோ போடலாம் என்று ஆரம்பித்ததும் நீதான். கல்யாண வீடியோ எடுக்கிற நான் கேமராவோடு வந்து நின்றால், முதலில் அதை மூடி வைக்கச் சொல்வாய். இதை யார் பார்க்கப்போகிறார்கள், அவர்களுக்கு எந்தக் கை காலியாக இருக்கும், போனை எங்கே சாய்த்து வைத்திருப்பார்கள் என்று பேசி முடிக்காமல் ஒரு ஷாட்கூட எடுக்க விடமாட்டாய். நான் ஆசையாகச் சேர்த்த மியூசிக்கையும் வணக்கத்தையும் வெட்டச் சொன்னாய். "பக்கத்துல ஒருத்தர் வலியில மொனகிட்டு இருக்கறப்ப வணக்கம் எதுக்குண்ணா? கைய எங்க வெக்கணும்னு சொல்லு."

அப்புறம் உனக்கே புற்று வந்தது. அது முதுகெலும்புக்கு இறங்கி, நீயும் படுக்கையில் விழுந்தாய். புண் வராமலிருக்க அம்மா உன்னைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தாள். அவளுக்கு அதைச் சொல்லித் தந்தவளும் நீயே. அதையே அடுத்த வீடியோவாக எடுக்கலாம் என்றாய். என்னால் ஆகாது என்று எழுந்து வெளியே போனேன். அம்மாவை அனுப்பிக் கூப்பிட்டாய்.

"நடிக்க ஆள் தேட வேண்டாம்ண்ணா. நானே படுத்துத்தானே கெடக்கறேன்."

அப்போது சிரித்தாயா, அழுதாயா?

கேமரா கால்மாட்டில் வேண்டாம், புரட்டுகிறவரின் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும் என்றாய். படுத்திருப்பவரின் முழங்காலை மடக்கியபின் அவர் தோளிலும் இடுப்பிலும் கை வைப்பது ஒரே ஷாட்டில் வரவேண்டும். தொடுவதற்கு முன்னால், திருப்பப் போகிறோம் என்று படுத்திருப்பவரிடம் சொல்ல வேண்டும், அதை மட்டும் வெட்டிவிடாதே என்றாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எடுப்பதாக இருந்தோம். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய்.

அதன்பிறகு ரொம்ப நாள் எனக்குக் கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம் அம்மாதான் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, தானே ஏறிப் படுத்தாள். "அவ சொன்னாப்லயே எடுடா" என்றாள்.

என் மனைவி ஸ்டெல்லா புரட்டினாள். "அத்தை, இப்பத் திருப்பறேங்க" என்று அவள் சொன்னதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நீர் வழிந்தது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் வத்தல்மலையிலிருந்து ஒருவர், வீடியோவுக்குக் கீழே போட்டிருந்த என் நம்பரைப் பார்த்துப் பேசினார். அவர் மனைவிக்குப் பக்கவாதம். வீடியோவைப் பார்த்துத்தான் புரட்டிவிடுகிறாராம், முதுகுப் புண் ஆறி வருகிறதாம். போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார்: "அதுல படுத்திருக்கறாங்களே, அந்தம்மாவுக்கு இப்பத் தேவலைங்களா?"

அம்மாவையே நோயாளி என்று நினைத்துவிட்டார், ஜெசிந்தா. "பரவால்லைங்க" என்றேன்.

அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த மனுசரிடம் சொன்னது பொய்யாகப் போகாமல் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவன்,
ஆரோக்கியம் அண்ணன்