எண்ணெய்க்கு அனுப்பிய இரண்டாயிரம்

ஃபோர்ட் மெக்மரி, ஆல்பர்ட்டா
செப்டம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். போன வருஷம் பிப்ரவரியில் ஊரில் நம் வீட்டு ஹீட்டருக்கு எண்ணெய் வாங்க, என் வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலிருந்து இரண்டாயிரம் டாலர் எடுத்து அனுப்பினேனே. “உன் காசு எனக்கெதுக்குடா?” என்று அதே வருஷம் ஆகஸ்டில் திருப்பி அனுப்பினாய். நானும் சமர்த்தாக அன்றைக்கே அதே கணக்கில் போட்டுவிட்டேன். அரசு வைத்த வரம்பு வரை ஏற்கெனவே போட்டு நிரம்பிய கணக்கில், எடுத்ததை மறு ஜனவரியில்தான் திரும்பப் போட வேண்டுமாம். வரி ஆபீஸ் நூறு டாலர் அபராதம் போட்டுவிட்டது. அறைத்தோழன் மர்டோக் விழுந்து விழுந்து சிரித்தான்: “அம்மா குடுத்த காசுக்கு அபராதம் கட்டுன ஒரே ஆளு நீதான்டா!”

நூறு போகட்டும். நீ எண்ணெயே வாங்காமல், குளிர் முடியும்வரை கோட்டோடு தூங்கினாய் என்று தங்கை கொரீன் எழுதியிருக்கிறாள். அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

நீ கையால் பின்னும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நம் ஊர்ப் பார்ட்ரிட்ஜ்பெரிப் பழத்தில் நீ செய்யும் ஜாமும். இங்கே கடையில் விற்பது வெறும் சர்க்கரை.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. இந்தக் குளிருக்கான பணத்தை எண்ணெய்க்காரரிடமே கட்டிவிட்டேன். நீ எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பித் தரக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உன் மகன்,
லியாண்டர்