மீசை இல்லாத சிப்பாய்

மச்சான்,

கை முழுக்கப் பச்சைப் பெயிண்ட். பெட்ரோல் ஊற்றிக் கழுவியும் நகக்கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் உன் சட்டைக்கும் பேண்ட்டுக்கும் தொப்பிக்கும் நான்தான் பெயிண்ட் அடிக்கிறேன். வேறு எவனையும் பிரஷைத் தொட விடுவதில்லை. அடித்து முடித்துவிட்டு கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் என் டூவீலர் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தால், ஆயில் வாசனையையும் மீறிக்கொண்டு அந்தப் பெயிண்ட் வாசனைதான் மூக்கில் நிற்கிறது. கிளட்ச் ஒயர் மாற்ற வந்த வெளியூர்க்காரர், "இன்னாப்பா, வூட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுக்கினு இருக்கியா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஃப்ரெண்டுக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மிலிட்டரி ஆளெடுப்புக்காக விடியக்காலையில் மயிலம் ரோட்டில் ரெண்டு பேரும் ஓடுவோம். நான் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி பனைமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். நீ மலையடிவாரம் வரை போய், கீழே நின்றபடியே முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வருவாய். வந்ததும் வராததுமாக மூஞ்சியை என் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "நல்லாப் பாருடா, நேத்தைக்கு இன்னிக்கு எதுனா வந்திருக்குதா?" என்பாய். மீசை! ஊரில் பள்ளிக்கூடம் போகிறவனுக்கெல்லாம் கருகருவென்று முளைத்தபோது உனக்கு மட்டும் பூனைமுடி. விளக்கெண்ணெய் தடவினாய். வெறும் உதட்டுக்கு மேல் நாள் தவறாமல் பிளேடு போட்டாய். "மிலிட்டரியில சேந்துட்டா அவங்களே ஊசி போட்டு வளத்துடுவாங்கடா" என்று அள்ளிவிட்டேன். அதையும் நம்பினாய் பார், அங்கேதான் நீ நீயாக இருந்தாய்.

நீ தேறினாய். எனக்கு மார்பளவு பத்தவில்லை, ஸ்பேனர் பிடித்தேன். லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் பெட்டியோடு நேராக என் பட்டறைக்குத்தான் வருவாய். ரிப்பேருக்கு நிற்கிற ஏதோ ஒரு வண்டியின் கண்ணாடியைத் திருப்பி மூஞ்சி பார்த்துக்கொள்வாய். "அங்க எல்லாரும் மீசைய முறுக்கிக்கினு நிக்கிறானுங்க மச்சான். நடுவுல நான் மட்டும் ஸ்கூல் பையன் மாதிரி. ஒரே பேஜாரு." அப்புறம் நீயே சிரித்துவிட்டு, "ஒரு நாளு மீசையோட வந்து எறங்குறேனா இல்லியா பாரு. அன்னிக்கு ஜங்ஷன்ல எனக்கு பேனர் வெச்சுடணும்" என்றாய். வைக்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நீ வந்தபோது மிலிட்டரி லாரியில், கொடி போர்த்திக்கொண்டு வந்தாய். எல்லையில் பனிமலையில் நடந்த சண்டையில், அடிபட்டுக் கிடந்த கூட்டாளி ஒருவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு, நீ விழுந்துவிட்டாய் என்று சொன்னார்கள். திண்டிவனத்திலிருந்து வண்டி வருகிற வழியெல்லாம் ஜனம். ஜங்ஷனில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் உன் அம்மா கடைசியாக உன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது, மச்சான். அழுதுகூடத் தீரவில்லை.

அப்புறம் டெல்லி போர் நினைவிடத்தில் உன் பெயர் பொறித்தாயிற்று என்று தகவல் வந்தது. நான்தான் அம்மாவை ரயிலில் கூட்டிப்போனேன். வட்டம் வட்டமாகச் சுவர். சுவர் முழுக்கக் கல்லில் பெயர்கள். நாட்டின் எந்தெந்த மூலையிலோ பிறந்த பிள்ளைகளெல்லாம் தோளோடு தோள் நிற்கிறார்கள். சாயங்காலம் நடக்கிற மரியாதையில் அம்மாவை முன்னால் அழைத்துப்போய் மலர் வளையம் வைக்கச் சொன்னார்கள். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்து, கடலை பறித்தே உன்னை ஆளாக்கின அந்தக் கையால் வளையத்தை வைத்தாள். பெரிய பெரிய ஆபீசர்கள் அவளுக்கு சல்யூட் வைத்தார்கள். உன் பெயர் எது என்று தேடிப் பிடித்து, அவள் விரலை எடுத்து அதன்மேல் வைத்தேன். தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள்.

திரும்பி வருகிற ரயிலில் சொன்னாள்: "நாடே என் புள்ள பேர எழுதி வெச்சுக்கினு இருக்குது. அதுல எனக்குப் பெருமைதான்யா. ஆனா அந்தப் பேரு நான் வெச்சது, எனக்குத் தெரியாததா? எனக்கு மூஞ்சி வேணும். தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு மூஞ்சி."

அப்படி ஆரம்பித்ததுதான் உன் சிலை. நம் ஊர் பஸ் நிற்கிற இடத்தில், நீ லீவு முடிந்து பஸ் ஏறுகிற அதே இடத்தில். மயிலம் பக்கத்திலிருந்து ஸ்தபதி வந்தார். சுற்றுவட்டார அய்யனார் சிலையெல்லாம் அவர் கைதான். பீடத்தை ஆள் உயரத்துக்குக் கட்டலாம் என்றார்கள். அம்மா கைக்கு மூஞ்சி எட்டணும், ஒரு படி உயரம் போதும் என்று சண்டை போட்டு நிறுத்தினேன். உன் போட்டோவைப் பார்த்துப் பார்த்து முகத்தைச் செய்தார். முடித்த அன்று போய்ப் பார்த்தேன். அடப்பாவி, "எதுனா வந்திருக்குதா?" என்று கேட்கப்போகிற மாதிரியே இருந்தாய். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கேதான் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "இன்னாப்பா இது, மீசையில்லாத வீரனா? பக்கத்து ஊருக்காரன் வாயால சிரிக்க மாட்டான்." நான் எவ்வளவோ சொன்னேன். "நீ சும்மா இருப்பா, சிலைன்னா ஒரு கம்பீரம் வேணாமா?" என்று என்னை உட்காரவைத்துவிட்டார்கள். ஸ்தபதிக்கும் உள்ளுக்குள் அதே ஆசை போலிருக்கிறது. முடிந்த முகத்தின்மேல் தனியாகச் சிமெண்டில் ஒரு மீசை செய்து ஒட்டிவிட்டார். சாதாரண மீசையா அது? ரெண்டு காதையும் தொடுகிற அய்யனார் மீசை! துப்பாக்கிக்குப் பதில் அரிவாள் கொடுக்காததுதான் பாக்கி.

அதோடு விட்டாரா? சாமி சிலைக்குச் செய்கிற பழக்கத்தில், சிலைத் திறப்பு விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கண் திறப்பும் செய்துவிட்டார். கண்ணில் கருமணி எழுதி, எதிரே கண்ணாடி காட்டி, பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்தி, கற்பூரம் ஏற்றி எல்லாம் முறையாக நடந்தது. அதற்கப்புறம்தான் அம்மாவைக் கூட்டிவந்தோம். நேராகக் கொல்லையிலிருந்து, கையில் களைக்கொட்டோடு வந்தாள். மூடியிருந்த துணியை ஸ்தபதி விலக்கினார்.

அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை பாதி தூரம் போய், கீழே விழுந்துவிட்டது.

"யாருய்யா இது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டெல்லி வரை போய்வந்தது, ஊர் ஊராக அலைந்து ஸ்தபதியைப் பிடித்தது எல்லாம் இந்த ஒரு தொடலுக்காகத்தான். அதுவே இல்லையென்றால் என்ன விழா, என்ன சிலை? "மீசைய எடுத்துடுங்க ஸ்தபதி" என்றேன். அவர் ரெண்டடி பின்னால் போய்விட்டார். "கண்ணு தொறந்தாச்சு தம்பி. இனிமே அதுல உளி வெச்சா உசுரு மேல வெச்ச மாதிரி. என் கையால முடியாது." பெரியவர்களில் ஒருவர் அம்மாவைச் சமாதானம் செய்ய வந்தார். "கம்பீரமா இருக்குது பாரும்மா. வீரன்னா மீசை வேணும்ல?"

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவள் குரலை உயர்த்தி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "பனியில நின்னது மீசையா, என் புள்ளையா?"

அம்மா பீடத்தின்மேல் ஒரு கால் வைத்து ஏறினாள். உன் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நீ சின்னதில் மூஞ்சி கழுவ அடம் பிடிக்கும்போது பிடிப்பாளே, அதே பிடி. "கண்ண மூடிக்கோடா" என்று உன்னிடம் சொன்னாள். களைக்கொட்டின் முனையை மீசைக்கு அடியில் கொடுத்து, மல்லாட்டைச் செடி அறுபடாமல் களையை மட்டும் நெம்புகிற மாதிரி நெம்பினாள். ஸ்தபதி பதறி ஓடிவந்தார். பாதியில் நின்றார். என்ன தோன்றியதோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெத்தவ கை பட்டா எந்தத் தோஷமும் இல்ல. பண்ணும்மா" என்றார்.

ஒட்டின மீசைதானே, முழுசாகக் கழன்று அவள் முந்தானையில் விழுந்தது. அடியில் நீ இருந்தாய்! உதட்டோரத்துச் சிரிப்போடு அப்படியே இருந்தாய். அம்மா ரெண்டு கன்னத்தையும் தடவினாள். நெற்றியைத் தடவினாள். "வந்துட்டியாடா" என்றாள். மச்சான், நான் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மீசை இருந்த இடத்துக்கு ஸ்தபதி மறுபடி கலர் அடித்தார். அது மட்டும் கொஞ்சம் வெளுப்பாக விழுந்துவிட்டது. இப்போதும், காலையில்தான் ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருக்கிறாய்.

விழா அன்றைக்கு உன் பட்டாளத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் மீசை, நீ சொன்னது பொய்யில்லை. அதில் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். தேனிப் பக்கம். அம்மா துணியை இழுத்தாள், பம்பை மேளம் பிளந்துகட்டியது, பட்டாளத்துக்காரர்கள் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள். அந்த மனிதர் மட்டும் கையை இறக்கவே இல்லை. கண்ணீர் பாட்டுக்கு மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்னையத்தாம்மா உங்க மகன் தூக்கிட்டு வந்தாரு. இந்த மூஞ்சியத்தான் கடைசியாப் பாத்தேன். அச்சு அசல் இதே மூஞ்சி. அப்பக்கூட, பொழைச்சா ஒன் மீசையில பாதி எனக்குத் தரணும்னு கேலி பண்ணாரு."

அதைக் கேட்டு அம்மா சிரித்தாள் மச்சான்! லாரி வந்த நாளிலிருந்து சிரிக்காதவள், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தலையை அண்ணாந்து சிரித்தாள். அவளைப் பார்த்து ஊரே சிரித்தது, ஊரே அழுதது. மீசை வேணும் என்று நின்ற அதே பெரியவர்தான் உன் பெயரைச் சொல்லி முதலில் குரல் கொடுத்தார். ஜனம் திருப்பிச் சொன்ன சத்தத்தில், நெடுஞ்சாலையில் போன பஸ்கள் ஓரங்கட்டி நின்றுவிட்டன.

இப்போது விடியக்காலையில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள்கூட ஆளெடுப்புக்கு ஓடுகிறார்கள். உன் பூட்ஸைத் தொட்டுவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடங்குவது. அதனால் பூட்ஸில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் நிற்பதேயில்லை, அடித்து அடித்து எனக்குக் கை வலிக்கிறது. அம்மா மல்லாட்டை பிடுங்கினால் முதல் கைப்பிடி உன் காலடிக்கு வந்துவிடும். வைத்துவிட்டு, கை நீட்டி உன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கொல்லைக்குப் போவாள்.

விழா முடிந்த சாயங்காலம் அவள் பட்டறைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தச் சிமெண்ட் மீசையை என் கையில் வைத்தாள். "ரொம்ப ஆசப்பட்டான்ல. நீ வெச்சுக்கோய்யா" என்றாள்.

கல்லாவுக்கு மேல், நீ மூஞ்சி பார்ப்பாயே அது மாதிரி ஒரு வண்டிக் கண்ணாடியை மாட்டி, அதற்குக் கீழே வைத்திருக்கிறேன். இந்தப் பச்சைக் கையோடு இப்போதுதான் எடுத்துத் துடைத்தேன். கிளட்ச் ஒயர்க்காரர் விடவில்லை. "அது இன்னாப்பா, மீசை மாதிரி?" என்றார்.

"ஃப்ரெண்டோடதுங்க. வந்தா கேப்பான்" என்றேன்.