லைசென்ஸ் ஆபீஸ் லிப்டில் மாட்டிக்கொண்டது

என் வீட்டு மகாராணிக்கு, கடல் கடந்த சக்கரவர்த்தி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஊருக்கே வந்துவிடலாம் என்று என் லிப்ட் மெக்கானிக் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து ஓய்வு எழுதிக் கொடுத்தேன் அல்லவா? "வந்து இங்க என்ன செய்யப் போறீங்க?" என்று நீ போனில் கேட்டதும் குழம்பிப்போய், அதைத் திரும்ப வாங்க நேற்று ஆபீசுக்குப் போனேன். பயப்படாதே, அந்த ஆபீஸ் லிப்டே நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே நானும் லைசென்ஸ் அதிகாரியும் மட்டும். அவர் விட்ட பெருமூச்சில் கட்டடமே ஆடியது.

"நீங்க மெக்கானிக்தானே? திறந்து பாருங்களேன்!"

"ஓய்வு வாங்கினவன் கை வைக்கக் கூடாதுன்னு உங்க சட்டம் சார். லைசென்ஸைக் கொடுங்க, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள இறக்கி விடுறேன்."

"லைசென்ஸ்ல குத்துற முத்திரை மேல் மாடியில, என் மேசையில இருக்கே!"

ஒரு யுகம் நின்றோம். வேறொரு மெக்கானிக் வந்து இறக்கிவிடும் முன் அவர் கேட்டார்: "வீட்டுக்குப் போகத்தானே எழுதிக் கொடுத்தீங்க? அப்புறம் ஏன் திரும்பக் கேக்குறீங்க?" ஏழு உலகத்து லிப்டையும் ஆட்டிவைத்த நான், அந்த லிப்டின் பொத்தான்களை எண்ண ஆரம்பித்தேன்.

லைசென்ஸை இன்னும் வாங்கவில்லை. இந்த மாதம் தாண்டினால் அதற்கு மறுபடி பரீட்சையாம். வேலையா, வீடா? எனக்கே புரியவில்லை.

சட்டையில் பொத்தான் இல்லை, ஊசிநூல் கொடுத்தனுப்பு. வேண்டாம், "வாங்க, நானே தைச்சுத் தர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல், லைசென்ஸ் ஓய்விலேயே கிடக்கட்டும். பக்கத்து அறைக்காரர் ஊருக்குக் கிளம்பிவிட்டார், இதை அவர் கையில் திணிக்க ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்