‘தாயின் அலட்சியம்’ என்ற வரியை நீக்கக் கோரி

அனுப்புநர்:
மூன்றாம் வார்டு சுகாதாரத் தன்னார்வலர்,
துணை சுகாதார நிலையம்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
வட்டார சுகாதார அலுவலகம்.

பொருள்: தையல்காரர் மனைவியின் குழந்தை எடை குறைந்தது பற்றிய அறிக்கையைத் திருத்தவும், தாய்ப்பால் பயிற்சியை ஒழுங்காக நடத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் முதலில் என் மீது. அப்புறம்தான் தங்கள் அலுவலகப் பயிற்சியின் மீது.

2. தாய்ப்பால் பயிற்சி ஐந்து நாள் என்றது சுற்றறிக்கை. நடந்தது ஒரு முற்பகல். நாற்பத்து மூன்று பெண்களுக்கு ஒரே துணிப் பொம்மை. என் முறைக்கு அரை நிமிடம் மார்போடு அணைத்துப் பிடித்தேன். அருமை என்றார்கள், சான்றிதழும் தந்தார்கள். பொம்மைக்கு வாய் மையால் வரைந்திருந்தது. பால் உள்ளே இறங்குவதை எப்படிக் கண்டுகொள்வது என்று நானும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது.

3. தையல்காரர் மனைவிக்கு இது தலைப்பிள்ளை. பிரசவமான நான்காம் நாள் போனேன். நான் பொம்மையைப் பிடித்த மாதிரியே பிள்ளையைப் பிடித்திருந்தாள். படிவத்தில் ‘சரி’ என்று குறித்தேன். “அக்கா, வாய வெச்ச கொஞ்ச நேரத்துல தூங்கிடுறான். குடிக்கிறானான்னே தெரியல” என்றாள். “அதெல்லாம் குடிப்பான். வேற எதுவும் குடுத்துடாத” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் என் பேச்சைத் தட்டவில்லை. ஒன்பதாம் நாள் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

4. மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டான். நானும் கூட இருந்தேன். அங்கிருந்த செவிலியர் பிள்ளையின் வாயை அகலத் திறக்கவைத்து, முகவாய் மார்பில் படும்படி சேர்த்து, விழுங்கும் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். மடக் மடக்கென்று குடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்லித்தர அவருக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று.

5. தங்கள் அலுவலக அறிக்கையிலோ காரணம் ‘தாயின் அலட்சியம்’ என்றிருக்கிறது. அதன் நகலை மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் காட்டுகிறார். பிள்ளையை அவள் மடியில் விடுவதே இல்லை. கூடத்தில் நாத்தனார் புட்டிப்பால் கொடுக்கிறார். உள்ளறையில் இவள் ரவிக்கை நனைய உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ஒன்றே ஒன்று கேட்டாள்: “அக்கா, நான் அலட்சியமாவா இருந்தேன்?”

6. ஆகவே அந்த வரியை நீக்கி, தவறு தன்னார்வலருடையது என்று எழுதித் தாருங்கள். திங்களன்று புதிய பெண்களுக்கும் அதே பொம்மைதான் என்று கேள்விப்பட்டேன். அவர்களைப் பிரசவ வார்டுக்கு அனுப்பி, பால் கொடுக்கும் தாய்மார் பக்கத்தில் உட்கார்ந்து கற்கவிடுங்கள். என் வேலை போனால் போகட்டும். திருத்திய தாளை அந்த வீட்டில் நானே படித்துக் காட்டுகிறேன். இந்த வாரமே வேண்டும், ஐயா. குடிக்கப் பிள்ளை இல்லாவிட்டால் பால் நின்றுவிடும்.

நாள்: 9ஆம் தேதி, வியாழன்
இடம்: துணை சுகாதார நிலையம்

தவறை ஒப்புக்கொண்டு ஒப்பமிடுபவர்,
(கையொப்பம்)

இணைப்பு: எனது பயிற்சிச் சான்றிதழ், அசல். திருப்பி அனுப்ப வேண்டாம்.