மேலாளருக்குத் தெரியாத டிக்

வெள்ளிக்கிழமை. துறைமுகப் பக்கம் மழை.

குச்சவெளிப் படகுக்காரருக்காக நாங்கள் செய்யும் செய்திச் செயலியில் ஒரு பிழை இருப்பதாகப் போன கிழமை மேலாளருக்கு அதிலேயே எழுதினேன். அவர் வாசித்த நீல டிக்கையும் பார்த்தேன். கூட்டத்தில், "எனக்கு ஒண்டும் வரேல்லை, பிள்ளை" என்றார். பழி என் தலையில் விழுந்தது.

பிறகு, தான் வாசிப்பது எவருக்கும் தெரியாதபடி டிக்கை மறைக்கச் சொன்னார். மறைத்தேன். மறைப்பவருக்குப் பிறருடைய டிக்கும் தெரியாது என்று செயலியில் ஒரு விதியும் எழுதி, சம்மதம் கேட்டு அவருக்கு அனுப்பினேன். அனுப்பிய நொடியிலேயே, வாசிக்காமலே, "ஓம்" என்றார்.

இன்று பின்னேரம் அவரிடமிருந்து வந்தது: "நாளைக்கு மீனவர் சங்கத்துக்குச் செயலியைக் காட்டவேணும். பாஸ்வேர்டை அனுப்பும்." பிறகு, "கிடைச்சதோ?" திரும்பவும், "பிள்ளை, கிடைச்சதோ?"

எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தேன். நாளைக்கு என்ன சொல்வதென்று யோசிக்கத் தேவையில்லை.

"எனக்கு ஒண்டும் வரேல்லை, சேர்."